மாத்திரை வந்து சேர்ந்தால் போதுமா?

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கப்பட்டது. ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க அரசு மருத்துவமனை வரிசையில் நின்றவர்களில் பலருக்கு, அன்றுமுதல் மாத்திரை வாசலுக்கே வரத் தொடங்கியது. மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர் ஒருவர், தோளில் ஒரு பை, அதில் பிரஷர் பார்க்கும் கருவி, சர்க்கரை பார்க்கும் குளுக்கோமீட்டர், மாத்திரைகள் என்று வீடு வீடாகப் போகிறார். 2024இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இத்திட்டத்துக்குக் கிடைத்தது. நடக்க முடியாதவர்களுக்கும், மருத்துவமனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று மாத்திரையை விட்டுவிட்டவர்களுக்கும் இது செய்திருக்கும் நன்மையைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் மாத்திரை வீட்டுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்ற கேள்வி பாக்கியிருக்கிறது. அறுபது, எழுபது வயதைத் தாண்டியவர்களைப் பொறுத்தவரை மருந்து கிடைக்காமல் போவது ஒரு ஆபத்து என்றால், கிடைத்த மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது அதற்கு இணையான ஆபத்து. முதல் ஆபத்தைத் தீர்க்க வாசல்வரை போயிருக்கிறோம். இரண்டாவதைத் தீர்க்க வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்க வேண்டும்.

அந்த டப்பாவில் என்னதான் இருக்கும்? பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களிலிருந்து வந்த மருந்துகள். ஆரம்ப சுகாதார நிலையம் கொடுத்த அம்லோடிபைன், மெட்பார்மின். போன மாதம் மயக்கம் வந்தபோது டவுனில் பார்த்த தனியார் மருத்துவர் எழுதிக் கொடுத்த, வேறு பெயரும் வேறு நிறமும் கொண்ட பிரஷர் மாத்திரை. முட்டி வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய 'செட்'. நாலைந்து மாத்திரைகளைச் சிறு காகித உறையில் போட்டுத் தருவார்களே, அது. தூக்கத்துக்கு என்று எப்போதோ ஆரம்பித்து இன்றுவரை நிற்காத அல்பிரசோலம். வெளியூரிலிருக்கும் மகன் அனுப்பிய கால்சியம். இவற்றில் பாதி ஸ்ட்ரிப்கள் கத்தரிக்கப்பட்டிருக்கும்; கத்தரித்த துண்டில் மருந்தின் பெயர் பாதி, காலாவதி தேதி இல்லவே இல்லை. அரசு தந்த மாத்திரையின் மேல் மருந்தின் பெயர் மட்டும் இருக்கும். தனியார் மருத்துவர் எழுதியதில் கம்பெனி வைத்த பெயர் பெரிதாகவும், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் பொடி எழுத்தில் ஆங்கிலத்திலும் இருக்கும். இரண்டுக்குள்ளும் இருப்பது ஒரே அம்லோடிபைன் என்று கண்ணில் புரை விழுந்த எழுபத்தைந்து வயதுக்காரர் எப்படிக் கண்டுபிடிப்பார்? 'பழைய டாக்டர் மாத்திரை ஒண்ணு, புது டாக்டர் மாத்திரை ஒண்ணு' என்று இரண்டையும் ஒழுங்காகப் போட்டுக்கொள்வார். மருந்தைச் சரியாகச் சாப்பிடுபவர் என்று பெயர் எடுத்தவருக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது இதிலுள்ள கொடுமை.

வயதான உடல் மருந்தை நடத்தும் விதமே வேறு. சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் வயதோடு குறைகிறது; இளைஞர் உடலிலிருந்து ஒரே நாளில் வெளியேறும் மருந்து முதியவர் உடலில் தங்கித் தங்கிச் சேர்கிறது. இதைப் பரிசோதனையிலும் எளிதில் பிடிக்க முடியாது. தசை குறைந்தவர்களுக்குக் கிரியாட்டினின் உற்பத்தியே குறைவு என்பதால், சிறுநீரகம் பாதி வேலைதான் செய்கிறது என்றாலும் ரிப்போர்ட்டில் எண் 'நார்மல்' என்றே வரலாம். உடலில் நீரின் பங்கு குறைந்து கொழுப்பின் பங்கு கூடுவதால், சில தூக்க மருந்துகள் கொழுப்பில் போய் ஒளிந்துகொண்டு மறுநாள் பகலிலும் மந்தத்தைத் தருகின்றன. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தத்தைச் சரிசெய்துகொள்ளும் திறனும் மெதுவாகிறது. நாற்பது வயதில் லேசான கிறுகிறுப்பாகப் போயிருக்கக்கூடிய ஒன்று, எண்பதில் குளியலறைத் தரையில் விழுந்து இடுப்பெலும்பு முறிவதில் முடிகிறது. 'வயசாச்சு, தலை சுத்தத்தான் செய்யும்' என்று வீட்டார் அதை வயதின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். மருந்தின் கணக்கில் எழுதுபவர் அரிது.

முதியவருக்குக் கெடுதல் செய்யும் மருந்துகளின் பட்டியல் முடிவில்லாதது என்று எண்ணி மலைக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டோர் மருந்தின் தீங்கால் அவசரமாக மருத்துவமனையில் சேர்க்கப்படுவது பற்றி 2011இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, அத்தகைய சேர்க்கைகள் ஆண்டுக்குச் சுமார் ஒரு லட்சம் என்று கணக்கிட்டது. அவற்றில் 67 சதவீதத்துக்குக் காரணம் நான்கே வகை மருந்துகள்: ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்பரின்; இன்சுலின்; ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் போன்றவை; சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரைகள். எவையும் அபூர்வமான மருந்துகள் அல்ல. எல்லாம் உயிரைக் காக்க அன்றாடம் தரப்படுபவை. கண்காணிக்க வேண்டிய இடம் சிறியது என்பது நல்ல செய்தி, ஒரு சாதாரண சமூகத் திட்டம்கூட அதைக் கண்காணித்துவிட முடியும்.

இன்சுலினையே எடுத்துக்கொள்வோம். நம் நாட்டில் புட்டியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட் வலிமை கொண்டது. அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் வலிமையுள்ளதும் கடையில் கிடைக்கிறது. அதற்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்துப் போட்டால் உடலுக்குள் போவது இரண்டரை மடங்கு. சர்க்கரை சரசரவென இறங்கி, விடிவதற்குள் நினைவு தப்பிவிடும். இதைத் தடுக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருபவர் புட்டியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து எண் பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். மூட்டுவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் இன்னொரு உதாரணம். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போட வேண்டிய அந்த மாத்திரையை, மற்ற மாத்திரைகளோடு சேர்த்துத் தினமும் போட்டுவிட்டால் எலும்பு மஜ்ஜை ரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்தும் அளவுக்குப் போய்விடும். 'எந்தக் கிழமை போடுறீங்க?' என்ற ஒரு கேள்வி அந்த உயிரைக் காப்பாற்றும். சர்க்கரைக்குப் பல்லாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கும் கிளிபென்கிளமைடு மாத்திரை அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலே குறிப்பிடுகிறது. அது உடலில் நெடுநேரம் தங்கிச் சர்க்கரையைத் தாழ்த்தும். விரத நாளிலும் நோன்பு மாதத்திலும் வழக்கமான அளவையே போட்டுக்கொள்பவருக்கு ஆபத்து இன்னும் கூடுகிறது.

இவற்றைவிட எனக்கு அதிகக் கவலை தருவது வலி மாத்திரை. ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும், சிறுநீரைக் கூட்டும் ஹைட்ரோகுளோரோதையசைடும் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருவது இங்கே சர்வசாதாரணம். அதைச் சாப்பிடுபவர் முட்டி வலிக்காக டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் போன்றவற்றை நாள் கணக்கில் போட்டால், மூன்றும் மூன்று வழியில் சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் குறைக்கின்றன. கோடையில் தண்ணீர் குடிப்பதும் குறைந்து, இரண்டு நாள் வயிற்றுப்போக்கும் வந்துவிட்டால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடலாம். பிரஷர் மாத்திரை எழுதிய மருத்துவருக்கு வலி மாத்திரை பற்றித் தெரியாது. வலி மாத்திரை கொடுத்த கடைக்காரர் பிரஷர் மாத்திரை பற்றிக் கேட்கவில்லை. சளிக்கும் அரிப்புக்கும் போடும் அவில், சி.பி.எம். போன்ற பழைய ஒவ்வாமை மாத்திரைகளும் இப்படித்தான். இளையவருக்கு வெறும் தூக்கத்தைத் தருபவை, முதியவருக்குச் சிறுநீர் அடைப்பையும் மலச்சிக்கலையும் மனக்குழப்பத்தையும் கொண்டுவரும். 'நேத்து ராத்திரி அம்மா என்னென்னமோ பேசிச்சு' என்று பதறும் வீடுகள் முந்தின நாள் போட்ட சளி மாத்திரையை நினைத்துப் பார்ப்பதில்லை.

மருந்து இன்னொரு மருந்தைப் பெற்றெடுப்பதும் உண்டு. அம்லோடிபைன் சாப்பிடுகிற சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது அந்த மருந்தின் பக்கவிளைவு. அதைப் புதுநோய் என்று எண்ணி நீர் பிரியும் மாத்திரை எழுதப்படுகிறது. நீரோடு பொட்டாசியமும் போகிறது; காலில் குரக்களி பிடிக்கிறது, அதற்கொரு மாத்திரை. இரவில் நாலு தடவை எழுந்து சிறுநீர் கழிப்பதால் தூக்கம் கெடுகிறது, அதற்கொரு மாத்திரை. தூக்க மாத்திரையின் மயக்கத்தோடு ஐந்தாவது முறை எழும்போது விழுகிறார். கனடாவைச் சேர்ந்த முதியோர் மருத்துவர் பவுலா ரோஷனும் அமெரிக்கரான ஜெரி குர்விட்சும் இந்தச் சங்கிலியை 1990களிலேயே பெயரிட்டு விளக்கிவிட்டார்கள். ஒவ்வொரு கண்ணியிலும் எழுதிய மருத்துவர் கெட்ட எண்ணத்தோடு எழுதவில்லை, அவர் முன்னால் இருந்த குறைக்கு மருந்து எழுதினார். முதல் கண்ணியைக் கண்டுபிடிக்க, எல்லா மாத்திரைகளையும் ஒரே நேரத்தில் ஒருவர் பார்த்திருக்க வேண்டும். நம் மருத்துவ ஏற்பாட்டில் அந்த ஒருவர் யார் என்பதற்குப் பதில் இல்லை. இதயத்துக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், எலும்புக்கு ஒருவர் இருக்கிறார்கள். முழு மனிதரின் முழு மாத்திரைக்கு ஒருவரும் இல்லை.

என் வாதம் இவ்வளவுதான்: முதியோரின் மருந்துப் பாதுகாப்பு விழிப்புணர்வுச் சுவரொட்டிகளால் வராது. 'மருத்துவர் ஆலோசனையின்றி மருந்து உட்கொள்ளாதீர்' என்ற வாசகம் சுவரில் இருப்பதால் யாருக்கும் தீங்கில்லை, பயனும் பெரிதாக இல்லை. ஏனெனில் மேலே சொன்ன ஆபத்துகளில் பல, மருத்துவர் ஆலோசனைப்படியே சாப்பிட்டவர்களுக்கு வருபவை. உலக சுகாதார நிறுவனம் 2017இல் 'தீங்கில்லாத மருந்து' என்ற உலகளாவிய முயற்சியை அறிவித்தபோது, மருந்துத் தவறுகளால் உலகுக்கு ஆண்டுக்கு 4,200 கோடி டாலர் செலவாகிறது என்று மதிப்பிட்டது. பல மருந்துகளை ஒரே நேரத்தில் சாப்பிடுவதையும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் கட்டத்தையும் தனியாகக் குறிப்பிட்டுக் கவனிக்கச் சொன்னது. இரண்டுமே மருத்துவமனைச் சுவருக்கு வெளியே, வீட்டில் நடப்பவை. ஆகவே வீடுவரை போகிற சமூகத் திட்டம்தான் இதைச் செய்ய முடியும். தமிழ்நாட்டில் அப்படியொன்று ஏற்கெனவே இருக்கிறது. புதிய துறை வேண்டாம், இருக்கும் வருகைக்குள் ஆண்டுக்கு இரண்டுமுறை மாத்திரை டப்பாவைத் திறந்து பார்க்கும் வேலையைச் சேர்த்தால் போதும்.

இப்படிப் பார்ப்பதால் பலன் உண்டா? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் காரா டானன்பாம் குழுவினர் நடத்திய இரண்டு ஆய்வுகள் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் தருகின்றன. 2014இல் வெளிவந்த முதல் ஆய்வில், நீண்ட காலமாகத் தூக்க மருந்து சாப்பிட்டுவந்த முதியவர்களைப் பக்கத்து மருந்துக் கடைகள் மூலம் கண்டறிந்து, எட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஒன்றை மட்டும் கொடுத்தார்கள். இந்த மருந்து ஏன் ஆபத்து, படிப்படியாக எப்படிக் குறைப்பது என்று எளிய மொழியில் அதில் இருந்தது. ஆறு மாதத்தில் 27 சதவீதத்தினர் மருந்தை முழுவதும் விட்டுவிட்டனர். புத்தகம் கிடைக்காதவர்களில் விட்டவர்கள் 5 சதவீதம். 2018இல் வந்த அடுத்த ஆய்வில் மருந்தாளுநர் நோயாளியிடம் கையேட்டைக் கொடுத்ததோடு, அவருடைய மருத்துவருக்கும் காரணங்களோடு ஒரு கடிதம் அனுப்பினார். இம்முறை தூக்க மருந்தோடு பழைய ஒவ்வாமை மாத்திரை, கிளிபென்கிளமைடு, வலி மாத்திரை ஆகியவையும் கணக்கில் வந்தன. மேலே பார்த்த அதே நான்கு! 43 சதவீதத்தினர் நிறுத்தினர். ஒப்பீட்டுக் குழுவில் 12 சதவீதம். முதியவர்கள் பழகிய மாத்திரையை விடமாட்டார்கள் என்ற பேச்சை இந்த எண்கள் தள்ளிவிடுகின்றன. புரியும்படி சொன்னால் கணிசமானவர்கள் விடுகிறார்கள். மருத்துவருக்கும் சேர்த்துச் சொல்வது நல்ல பலன் தருகிறது.

கனடா பணக்கார நாடு, அங்கே நடப்பது இங்கே நடக்குமா என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான் மூன்று நாடுகளின் கிராமங்களில் 2,645 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2020இல் வெளியானது. அரசின் சமூக சுகாதாரப் பணியாளர்களுக்கு ரத்த அழுத்தம் பார்க்கவும் ஆலோசனை சொல்லவும் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். கட்டுக்கு வராதவர்களைப் பயிற்சி பெற்ற மருத்துவர்களிடம் அனுப்பும் ஏற்பாடும் இருந்தது. இரண்டாண்டு முடிவில் மேல் அழுத்தம் வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் கூடுதலாக 5 புள்ளி குறைந்திருந்தது. ஒரு தனிமனிதருக்கு 5 புள்ளி அற்பம். ஊர் முழுக்கக் குறைந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் கண்ணுக்குத் தெரியும் அளவில் குறையும். இந்த வேலையைச் செய்தவர்கள் பட்டம் பெற்ற மருத்துவர்கள் அல்லர், நம் தன்னார்வலர்களைப் போன்றவர்களே.

சான்றுகள் எல்லாம் ஒரே பக்கம் பேசவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் 2005இல் வெளிவந்த ஹோமர் என்ற ஆய்வு இந்தத் துறையில் உள்ளவர்களை அதிரவைத்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பிய எண்பது வயதுக்கு மேற்பட்ட 872 பேரில் பாதிப் பேரின் வீடுகளுக்கு மருந்தாளுநர் இரண்டுமுறை போனார். மருந்துகளைப் பார்த்தார், விளக்கினார், காலாவதியானதை அகற்றினார், பிரச்சினை இருந்தால் மருத்துவருக்குத் தெரிவித்தார். அடுத்த ஆறு மாதத்தில் இவர்கள் மருத்துவமனையில் சேர்ந்தது மற்றவர்களைவிட 30 சதவீதம் அதிகம். வீடு தேடிப்போவது கெடுதல் செய்கிறது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கம் கேட்டவர்கள் எச்சரிக்கை அறிகுறிகளை அறிந்து சீக்கிரமே மருத்துவமனைக்குப் போயிருக்கலாம் என்பதை ஆய்வாளர்களே ஒரு சாத்தியமாகச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்த எல்லா மாத்திரைகளையும் ஒழுங்காகச் சாப்பிட வைத்ததே கெடுதலாகியிருக்கலாம் என்பது இன்னொரு சாத்தியம். பட்டியலில் வேண்டாத மருந்து இருக்கும்போது 'தவறாமல் சாப்பிடுங்கள்' என்று அறிவுரை சொல்வது நெருப்பில் நெய் வார்ப்பதாகும். முதலில் பட்டியலைச் சலிக்க வேண்டும், பிறகுதான் ஒழுங்கு. சலிக்கும் அதிகாரம் உள்ள மருத்துவர் இந்த ஏற்பாட்டில் இல்லாவிட்டால் வீட்டுக்குப் போவதில் பொருளில்லை. கியூபெக் ஆய்வில் மருத்துவருக்குப் போன கடிதத்தின் அருமை இங்கேதான் புரிகிறது.

எனவே வேலையை மூன்றாகப் பிரிக்கலாம். தன்னார்வலர் கண்ணாக இருப்பார். 'மாத்திரை எல்லாம் ஒழுங்கா போடுறீங்களாம்மா?' என்று கேட்டால் 'போடுறேன் கண்ணு' என்ற பதில்தான் எந்த வீட்டிலும் வரும். அந்தக் கேள்வியே வீண். 'வீட்ல இருக்கிற எல்லா மாத்திரையும் எடுத்துட்டு வாங்கம்மா, ஒண்ணொண்ணா பாக்கலாம்' என்று உட்கார்ந்தால் நிலைமை தெரியும். கடையில் வாங்கியது, பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது, சித்த மருந்துப் பொடி, சொட்டு மருந்து என எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து அனுப்புவதோடு அவர் வேலை முடிகிறது. அவர் எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. அடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலுள்ள மருந்தாளுநர் அந்தப் பட்டியலைப் படித்து, ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா, வலி மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் மோதுகின்றனவா, வயதுக்கு ஆகாதது ஏதும் உண்டா என்று குறித்துக்கொடுப்பார். மருந்தை எடுத்துக் கொடுப்பதோடு நில்லாமல் ஆலோசனையும் சொல்வது மருந்தாளுநரின் பணி என்று 2015ஆம் ஆண்டின் மருந்தியல் நடைமுறை ஒழுங்குவிதிகள் சொல்கின்றன. அந்த விதிக்கு உயிர்கொடுக்க இதைவிட நல்ல இடம் இருக்காது. மூன்றாவதாக மருத்துவர் முடிவெடுப்பார். அமெரிக்காவில் 1980களில் தொடங்கிய ஒரு வழக்கம், முதியவர்களை வீட்டிலுள்ள மாத்திரைகள் அனைத்தையும் ஒரு காகிதப் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு வரச்சொல்வது. நமக்குக் காகிதப் பை எதற்கு, மஞ்சப்பை இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை துணை சுகாதார நிலையத்தில் மஞ்சப்பை நாள் ஒன்று வைத்தால், நடக்க முடிந்தவர்களின் மாத்திரைகளை அங்கேயே பார்த்துவிடலாம். ஆஸ்திரேலியா இதையே 2001 முதல் அரசுச் செலவில், மருத்துவர் பரிந்துரையின் பேரில் மருந்தாளுநர் வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் திட்டமாக நடத்துகிறது. ஜப்பானில் பலரிடம் ஒரு மருந்துக் கைநூல் இருக்கிறது. எந்த மருத்துவர் எழுதினாலும் எந்தக் கடையில் வாங்கினாலும் அந்த விவரம் அதில் ஒட்டப்படும். 1993இல் சோரிவுடின் என்ற அக்கி மருந்து, புற்றுநோய் மருந்தொன்றோடு மோதிப் பலர் உயிரிழந்ததற்குப் பிறகு அங்கே இந்தப் பழக்கம் வேரூன்றியது.

ஏற்கெனவே சுமை தாங்க முடியாத தன்னார்வலர்கள் மேல் இன்னொரு சுமையா என்ற ஆட்சேபம் நியாயமானது, இதற்கு மழுப்பலாகப் பதில் சொல்லக் கூடாது. இவர்கள் நிரந்தர ஊழியர்கள் அல்லர். ஊக்கத்தொகைக்கு வேலை செய்பவர்கள். புது வேலை என்றால் புதுத் தொகை கொடுக்க வேண்டும், பயிற்சிக்கும் நாள் ஒதுக்க வேண்டும். ஆனால் எல்லா வீட்டிலும் எல்லா மாத்திரையும் பார்க்கத் தேவையில்லை. ஐந்துக்கு மேற்பட்ட மருந்து சாப்பிடுபவர், இன்சுலின் போடுபவர், ரத்தம் உறையாத மருந்து சாப்பிடுபவர், போன மாதம் மருத்துவமனையிலிருந்து வந்தவர், சமீபத்தில் கீழே விழுந்தவர் என்று எடுத்துக்கொண்டால் எண்ணிக்கை கைக்கு அடங்கும். படிக்காத பெண்களுக்கு இது புரியுமா என்று கேட்பவர்களைப் பற்றி என்ன சொல்ல? குளுக்கோமீட்டரும் பிரஷர் கருவியும் பிடிக்கக் கற்றுக்கொண்டவர்களுக்கு மாத்திரை அட்டையைப் படம் எடுப்பது பெரிய வித்தை அல்ல.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டில் 2020இல் நடத்தப்பட்ட 'ஸ்டெப்ஸ்' கணக்கெடுப்பில், ரத்த அழுத்த நோய் உள்ளவர்களில் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் வெறும் 7.3 சதவீதம், சர்க்கரை நோயாளிகளில் 10.8 சதவீதம். மருந்து போதாமல் இருப்பதே நம் பிரச்சினை, இந்த நேரத்தில் 'மருந்து அதிகம், குறையுங்கள்' என்று பேசினால் இருப்பதையும் மக்கள் விட்டுவிட மாட்டார்களா? இந்தப் பயம் பொய்யல்ல. ஆகவேதான் 'குறையுங்கள்' என்பது இத்திட்டத்தின் முழக்கமாக இருக்கக் கூடாது. ஒரே டப்பாவில் இரண்டு குறையும் சேர்ந்தே இருக்கும்: தினமும் போட வேண்டிய பிரஷர் மாத்திரை தலைவலி வந்தால் மட்டும் போடப்படும், போடவே கூடாத வலி மாத்திரை தினமும் போடப்படும். வீட்டில் உண்மையில் விழுங்கப்படுவது எது என்று தெரியாமல், மருத்துவர் பிரஷர் குறையவில்லை என்று அளவைக் கூட்டுவார். நோயாளி பயந்துபோய் அன்றுமுதல் ஒழுங்காகப் போட ஆரம்பித்தால், கூட்டிய அளவில் மயங்கி விழுவார். மருந்து போதாமையையும் மருந்து மிகையையும் இரண்டு திட்டங்களாகப் பிரித்துப் பார்ப்பது ஏட்டளவில்தான் முடியும்.

வீட்டுக்கு வீடு பிள்ளைகள் இருக்கிறார்களே, அவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்ற பேச்சுக்கு அதிக இடம் தரத் தேவையில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையில் 10.4 சதவீதமாக இருந்த அறுபது வயதுக்கு மேற்பட்டோர், 2021க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதம். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் வீடுகள் எத்தனை என்று ஒவ்வோர் ஊரிலும் தெரியும். பக்கத்திலேயே இருக்கும் பிள்ளைக்கும் டெல்மிசார்டனுக்கும் டைக்ளோபினாக்குக்கும் உள்ள பகை தெரிந்திருக்க நியாயமில்லை. மருத்துவர்கள் தங்கள் மருந்துச் சீட்டை இன்னொருவர் கேள்வி கேட்பதை விரும்ப மாட்டார்கள் என்பது உண்மையான தடை. இதைச் சட்டத்தால் தீர்க்க முடியாது. கேள்வி எப்படிக் கேட்கப்படுகிறது என்பதில் பாதி தீரும்: 'தவறு' என்று சொல்லாமல், இவர் இவற்றையும் சாப்பிடுகிறார், தங்களுக்குத் தெரிய வேண்டியதற்காக, என்று பட்டியலை அனுப்பினால் பெரும்பாலான மருத்துவர்கள் நன்றியே சொல்வார்கள். மெடிக்கல் ஷாப்களையும் எதிரியாக நிறுத்தாமல் உள்ளே இழுக்க வேண்டும். கூட்டம் நெரியும் நேரத்தில் நின்றுகொண்டே ஆலோசனை சொல்ல அவர்களால் முடியாது. 'வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?' என்று வலி மாத்திரை கேட்டு வரும் பெரியவர்களிடம் மட்டும் கேட்பது முடியும்.

பார்த்து முடித்த பிறகு மிச்சமாகும் மருந்துகளும் ஒரு கேள்விதான். காலாவதியானதையும் நிறுத்தியதையும் டப்பாவிலேயே விட்டுவந்தால் அடுத்த மாதம் அவை வயிற்றுக்குள் போகும். சாக்கடையில் கொட்டினால் தண்ணீருக்குள் போகும். கேரளம் 2025இல் கோழிக்கோட்டில் தொடங்கி, வீடுகளிலிருந்து பயன்படாத மருந்துகளைச் சேகரித்து முறையாக அழிக்கும் ஏற்பாட்டைச் செய்துவருகிறது. இங்கே மாதாமாதம் வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் பை திரும்பும்போது காலியாகத்தான் வருகிறது.

அரசு இதைச் செய்யும்வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும், கம்பெனிப் பெயரோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் சேர்த்து ஒரு தாளில் எழுதி, எந்த மருத்துவரிடம் போனாலும் எந்தக் கடையில் வாங்கினாலும் முதலில் அதை நீட்டுங்கள். ஸ்ட்ரிப்பைக் கத்தரித்துக் கொடுத்தால் பெயரும் தேதியும் உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். புது மாத்திரை ஆரம்பித்த சில நாட்களில் தலைசுற்றல், மயக்கம், குழப்பம், விழுதல் ஏதாவது வந்தால் அது மருந்தாலா என்று மருத்துவரிடம் கேளுங்கள். தூக்க மாத்திரை, ஸ்டீராய்டு, சில பிரஷர் மாத்திரைகள் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். மருந்தின் தீங்கு என்று சந்தேகம் வந்தால் நோயாளியோ வீட்டாரோ நேரடியாகவே புகாரைப் பதிவு செய்யலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024.